நாலு முழக் கிணறு

எங்கள் வீட்டில் பின்னேரச் செபமாலை முடிந்த கையோடு எழும்ப முடியாது. அதற்குப் பிறகுதான் என் கணவரின் நன்றி தொடங்கும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் கைவிடாத வழக்கம் அது. மாதா சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, ஆண்டவர் எங்களுக்குச் செய்த நன்மைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். படகு கவிழ்ந்தும் கரை சேர்ந்தது, மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து மாறியது, கடலில் ஒன்றுமே படாத மாதத்திலும் ஒரு நாள்கூட அடுப்பு அணையாமல் இருந்தது. எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் கிணற்றுக்கு வருவார். "இந்த உப்பு மணலில பத்து முழத்தில நல்ல தண்ணி காட்டினீரே, அதுக்கும் நன்றி ஆண்டவரே" என்று சொல்லிச் சிலுவை போடுவார்.

எனக்கு முழங்கால் வருத்தம். அந்தப் பத்து முழம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கலியாணம் முடித்த புதிதில் அவர் அதை ஐந்து முழம் என்றுதான் சொன்னார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அது ஏழாயிற்று. அவள் படித்து, வளர்ந்து, சிலாபத்தில் வாழ்க்கைப்பட்ட நேரத்தில் பத்தில் வந்து நின்றது. கடல் தொழில் செய்கிறவரின் கை அப்படித்தான். அவர் பிடித்த மீன்களும் பிடித்த பிறகுதான் வளர்ந்தன. நான் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன். நல்ல காரியத்தைத்தானே கூட்டிச் சொல்கிறார், ஆண்டவருக்குத்தானே பெருமை என்று நினைத்தேன். கேட்டுக் கேட்டுக் கடைசியில் நானும் அதை நம்பிவிட்டேன்.

நாங்கள் இருப்பது கற்பிட்டிப் பக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் தேங்கிய களப்பு, நடுவில் மணல். பெய்கிற மழை அந்த மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மெல்லிசாகப் படர்ந்து நிற்கும். மேலாக அள்ளினால் குடிக்கலாம். ஆசைப்பட்டுக் கீழே போனால் கடல்தான் வரும். இது இங்கே வாழ்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்தேன் என்பதுதான் எனக்கு வெட்கம்.

அந்த வருடம் மாரி மழை சரியாகப் பெய்யவில்லை. ஓகஸ்ட் மாதம் வாளி கிணற்றின் அடி மணலில் உரசத் தொடங்கியது. விடியற்காலையில் நாலு குடம் அள்ளினால், மறுபடி ஊறி வர மத்தியானம் ஆகும். எங்கள் இரண்டு பேருக்கும் அது போதும். ஆனால் மகள் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒக்டோபர் கடைசியில் பேறு. தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் வழக்கம், செப்டம்பரில் அவளைக் கூட்டிவருவதாகப் பேச்சு. பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டில் தண்ணீர் எப்படி ஓடும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிக்க வார்க்க, துணி தோய்க்க, பிள்ளையைக் கழுவ என்று நாள் முழுக்க வேண்டும். அவள் ஒரே பிள்ளை. அவள் என் வீட்டில், என் கையால் சாப்பிட்டு, என் பக்கத்தில் படுக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு அந்த வருடம் வேறு ஆசை இருக்கவில்லை.

அடி மணல் தெரிகிற கிணற்றை எட்டிப் பார்த்து நான் கணவரிடம் சொன்னேன். "பத்து முழத்தில இருந்த கிணறு. இப்ப பாத்தா அதில பாதியும் இல்ல. மண் விழுந்து தூந்து போச்சு. பழைய அடி மட்டும் தோண்டினாச் சரி."

அவர் தலையைச் சொறிந்தார். மறுக்க முடியவில்லை. அந்தப் பத்து முழத்தைத் தினமும் மாதாவுக்கு முன்னால் சொல்கிறவர் அவர்தானே.

ஊரில் கிணறு இறைக்கிற மனிசன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது இருக்கிற அளவில இருக்கட்டும். இதுக்குக் கீழ கை வைக்க வேணாம்" என்றார். வேலைக்குக் கள்ளப்படுகிறார் என்று நான் நினைத்தேன். முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டேன். அவர் சைக்கிளில் ஏறிப் போனார். பிறகு வண்ணாத்திவில்லுப் பக்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டேன். அது உள்நாடு. அங்கே ஆழம் போகப் போகத்தான் தண்ணீர். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, நான் பத்து முழம் என்றேன், அவர்கள் பத்து முழம் தோண்டினார்கள். மூன்று நாள் வேலை. பழைய சீமெந்து வளையங்களுக்குள்ளே சின்ன வளையங்களை இறக்கினார்கள், தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு ஏறியது. நான் அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "பாத்தியா? இனி ஊருக்கே குடுக்கலாம்" என்று குரல் செய்தியும் போட்டேன். மோட்டரும் வைத்தாயிற்று. தோண்டி எடுத்த மணல் கிணற்றடியில் ஒரு மேடாகக் கிடந்தது.

எட்டாம் நாள் காலையில் தேத்தண்ணீரில் பால் திரிந்தது. பால்மா பழசாக்கும் என்று கடையில் புதிய பெட்டி வாங்கினேன். அதுவும் திரிந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீரை வெறுமனே வாயில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. மூன்றாம் வாரம் அதில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. வாழைக் கன்றின் இலை நுனி கருகியது.

கதை சிலாபம் வரைக்கும் போனது. மகளின் மாமியார், என் சம்பந்தி, போன் எடுத்தார். "அக்கா, தண்ணி இல்லாத இடத்துக்குப் புள்ளய எப்பிடி அனுப்புறது? இஞ்சயே பெறட்டுமே. எங்கட கிணறு வத்தாது" என்றார். குரலில் ஒரு குத்தலும் இல்லை. அவர் சொன்னது சரி. சரியாகச் சொன்னதால்தான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மகளோடு பேசினால் எல்லாவற்றுக்கும் 'ம்' என்றாள். அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு நான் இரவெல்லாம் அழுதேன். பிரதேச சபையின் தண்ணீர் வண்டி, பவுசர், கிழமைக்கு இரண்டு தரம் வந்தது. கேனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, ஊருக்கே குடுக்கலாம் என்று நான் சொன்னது எல்லாருக்கும் தெரியும் போல இருந்தது.

பக்கத்து வளவில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் நானும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்த மணலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவர்களுடைய கிணறு அப்போதும் குறைவாக, ஆனால் இனிப்பாக ஊறிக்கொண்டிருந்தது. கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை. வேலியோரம் போகவும் இல்லை.

இப்படியிருக்க ஒரு பின்னேரம் செபமாலை முடிந்தது. என் கணவர் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிக் கிணற்றுக்கு வந்தார். "இந்த உப்பு மணலில..."

"நிப்பாட்டுங்க" என்றேன். "உப்புத் தண்ணிக்கும் நன்றியா? ஆண்டவர் கேட்டாச் சிரிப்பார்."

"அவர் தந்தது நல்ல தண்ணிதானே. உப்பாக்கினது நாங்க."

"நாங்க இல்ல, நான். வாயத் திறந்து அதச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையோடு போயிருக்கும். சொல்லாமல் நின்றதால் என் வாய் இன்னும் நீண்டது. "சரி, அவர் தந்தது எத்தின முழத்தில? மாதாவப் பாத்துச் சொல்லுங்க."

அவர் மாதாவைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "பத்து எண்டுறது ஒரு கதைக்குத்தானே. எட்டு இருக்கும்... ஏழு..."

"கண்ணால கண்டீங்களா?"

"நான் கடலுக்குப் போயிட்டன்தானே" என்றார் மெதுவாக. "வந்து பாக்கக்குள்ள தண்ணி நிண்டிச்சு."

அவர் சொன்னது உண்மை. தண்ணீர் வந்த நேரத்தில் அவர் அங்கே இருக்கவில்லை. இருந்தவள் நான். இருபத்தேழு வருடம் அவர் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் கண்டதை மறந்துபோயிருந்தேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். நாங்கள் இந்த வளவுக்கு வந்து மூன்று மாதம். இதே மகள் வயிற்றில், நாலு மாதம். குடி தண்ணீர் ராத்தா வீட்டிலிருந்துதான். அவர் இரண்டு நாள் மணலை வெட்டினார். மேலே அகலமாக, கீழே போகப் போக ஒடுக்கமாக ஒரு குழி. காய்ந்த மணலைத் தவிர ஒன்றும் இல்லை. "இந்த வளவில தண்ணி இல்ல" என்று மண்வெட்டியை எறிந்துவிட்டு மூன்றாம் நாள் தொழிலுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில், வயிற்றுப்பிள்ளையோடு அந்தக் குழிக்குள் நானே இறங்கினேன். கையில் ஒரு சிரட்டை. புத்தி உள்ளவள் செய்கிற வேலை இல்லை. அழுதுகொண்டும் ஆண்டவரோடு சண்டை பிடித்துக்கொண்டும் மணலைச் சுரண்டி வறுகினேன். ஒரு முழம்கூட வறுகியிருக்க மாட்டேன், மணல் குளிர்ந்தது. பிறகு நனைந்தது. பிறகு என் பாதத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறி, முழங்கால் மட்டும் வந்து நின்றது. கலங்கல்தான். கையில் ஏந்திக் குடித்தேன், இளநீர் மாதிரி இருந்தது. ஏறி வரத் தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ராத்தாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

மறுநாள் விடிந்ததும் வெட்கத்தைப் பார்க்காமல் வேலியைத் தாண்டினேன். ராத்தா கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்தா, அண்டைக்கு என்னக் குழிக்குள்ள இருந்து தூக்கினீங்களே, ஞாபகம் இருக்கா? குழி எவ்வளவு ஆழம்?"

அவர் சட்டியைக் கீழே வைத்தார். "மறக்கிறத்துக்கா புள்ள? நீ கத்தின சத்தத்துக்கு பாம்பு கடிச்சிட்டு எண்டுதான் ஓடி வந்தேன். வேலிக்குள்ளால பாத்தா ஆளக் காணல்ல. நிலத்துக்கு மேல ரெண்டு கை மட்டும் தெரியிது, மணிக்கட்டு வரைக்கும். வளையலோட. எனக்கு ஈரக்குல நடுங்கிப் போச்சி."

மணிக்கட்டு வரைக்கும். நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அளவு. நாலு முழம் இருக்கும், அதற்கு மேல் இல்லை.

"அதிருக்கட்டும்" என்றார் ராத்தா. "ஒரு மாசமா பவுசருக்குப் பின்னால ஓடுற. எங்கட வீட்டுக் கெணறு உன்ட கண்ணுக்குத் தெரியலியா? அல்லாஹ் தந்த தண்ணி புள்ள, நான் கடயில வாங்கி ஊத்தி வச்சதா?" அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நல்லாயிருந்தது. மத்தியானம் இரண்டு குடம் தண்ணீர் எங்கள் குசினிக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன், "தோண்டின மண்ண எல்லாம் திரும்பப் போடுவம். அவர் தந்த அளவுக்கு." எவ்வளவு போடுவது என்று அவர் கேட்டார். "நான் உள்ளுக்க நிக்கிறன். நான்தான் அளவு" என்றேன்.

ஐம்பது வயது தாண்டிய, உடம்பு பெருத்த ஒரு பெண்பிள்ளையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவதைப் பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்கு எங்கள் வளவுக்கு வந்திருக்க வேண்டும். முதலில் மோட்டரால் இறைத்து, பாதிக்கு மேல் மணலைக் கொட்டிவிட்டுத்தான் என்னை இறக்கினார். வெளி நிலம் எந்த மட்டம் என்று உள்ளே நிற்கிறவளுக்குத் தெரியாதே, அதனால் வளையத்தின் உள்பக்கம் கரியால் ஒரு கோடு போட்டார். அவர் மேலிருந்து கூடை கூடையாகக் கொட்ட, நான் மிதித்து மிதித்து ஏறினேன். தலையெல்லாம் மணல். ராத்தா கிணற்றுக் கட்டின்மேல் சாய்ந்துகொண்டு மேற்பார்வை பார்த்தார். "கையத் தூக்கு புள்ள. இன்னும். இன்னும். ஆ, போதும்!" கரிக்கோட்டுக்கு மேலே என் மணிக்கட்டு வந்திருந்தது. வயது போனதால் நான் குறுகியிருப்பேன் என்று என் கணவர் கடைசிக் கூடையைக் கொட்டாமல் வைத்துவிட்டார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், நான் ஏன் உள்ளே நிற்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

உள்ளே நின்றபோதுதான் எனக்கு அது விளங்கியது. என் தலைக்கு மேல் ஒரு கை நீளம், அவ்வளவுதான் அந்தக் கிணறு. நாங்கள் ஆண்டவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு அவர் தந்ததை ஆழமாக்கிக்கொண்டே போயிருக்கிறோம், வாயாலும் மண்வெட்டியாலும். அவரோ எங்களை அவ்வளவு தூரம் அலைக்கவில்லை. கோபக்காரி ஒருத்தி சிரட்டையால் வறுகினால் எட்டுகிற இடத்தில் வைத்திருந்தார். காலையில் நாலு குடம், மத்தியானம் நாலு குடம். இருபத்தேழு வருடம் அது ஒரு நாளும் தவறவில்லை. பாலைவனத்தில் மன்னாவை நாளைக்கென்று சேர்த்துவைத்துப் புழுக்கவைத்தவர்களின் கதையைப் பூசையில் கேட்கும்போதெல்லாம், என்ன முட்டாள் சனம் என்று நினைத்தவள் நான். அந்தச் சனத்தில் முதல் வரிசையில் எனக்கு ஒரு கதிரை போட வேண்டும்.

பெரிய விசுவாசம் என்று என்னிடம் எதுவும் இல்லை. என்னிடம் இருப்பது ஞாபகம். அதைப் பிழையாக வைத்திருந்தபோது பயந்தேன், சரியாக எடுத்துப் பார்த்தபோது பயம் போய்விட்டது. அன்றைக்கு என் பாதத்தடியில் தண்ணீர் குளிர்ந்தது கற்பனை இல்லை. செய்தவர் செய்வார். இதில் எனக்கு அன்று முதல் சந்தேகம் வரவில்லை.

தண்ணீர் உடனே இனிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். மோட்டரைக் கழற்றிவிட்டு, வாளியால் மேலாக அள்ளி, காலையும் மாலையும் வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புத்தான். செப்டம்பர் பாதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள், ஆஸ்பத்திரி கிளினிக் மாற்ற வேண்டும் என்று சம்பந்தி சொல்லியனுப்பியிருந்தார். முன்னைய நான் என்றால், தண்ணீர் நல்லமாகிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன், அல்லது ஒன்றும் சொல்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்திருப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"மகள், கிணறு இன்னும் உப்புத்தான். மழைக்குப் பிறகுதான் மாறும். குடிக்க ராத்தா தருவா, மத்ததுக்கு பவுசர் வரும். உனக்கும் பிள்ளைக்கும் ஒரு நாளும் குறையாது. அது எனக்குத் தெரியும். நீ வா."

மறுபக்கத்தில் அழுகிற சத்தம் கேட்டது.

"நான் உடுப்பெல்லாம் மடிச்சு வச்சு ஒரு கிழமை அம்மா. எப்ப எடுத்தாலும் தண்ணி தண்ணி எண்டுதான் கதைக்கிறீங்க. ஒரு நாளாவது வா எண்டு சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு நாளும் சொல்லவில்லை. அவளை வரவைப்பதற்காகக் கிணற்றைத் தோண்டினேன், அவளை வரவைப்பதற்காகக் கிணற்றை மூடினேன். வா என்ற ஒரு சொல்லை மட்டும் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பத்து மணிபோல ஒரு வான் வந்து படலையில் நின்றது. முன் சீட்டில் மகள். பின் கதவைத் திறந்துகொண்டு சம்பந்தி இறங்கினார். அவரைக் கண்டதும் என் முகம் இறுகியது, மறைக்கத் தெரியாது எனக்கு. அவர் அதைக் கவனிக்கவில்லை. வானுக்குள்ளே சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கூரை முட்டக் கேன்களை அடுக்கியிருந்தார்கள். எல்லாம் தண்ணீர்.

"புள்ள ராத்திரியே பெட்டியத் தூக்கிக்கொண்டு வாசல்ல வந்து குந்திட்டா அக்கா" என்றார் சம்பந்தி மூச்சு வாங்கிக்கொண்டு. "எங்கட கிணத்துத் தண்ணிதான். முடிய முதல் சொல்லுங்க, கிழமைக்குக் கிழமை கொண்டு வாறன். தலப்புள்ள அம்மா வீட்டுலதானே பெறணும். எங்க ஊத்துறது?"

நடு முற்றத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த மனிசியோடு எத்தனை நாள் மனதுக்குள் சண்டை பிடித்திருப்பேன். ஆண்டவர் தண்ணீரைக் கிணற்றுக்குள்ளாலேதான் தர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், அவர் சிலாபத்திலிருந்து வானில் அனுப்பிவிட்டார். என் கணவர் ஒரு கேனைத் தோளில் வைத்துக்கொண்டு, சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

கிணறு இனிக்க இன்னும் ஐந்து கிழமை இருந்தது. மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள்ளே போய்விட்டாள்.